மிசின் கொட்டிலுக்குள் வெயில்

சின்னாச்சி அக்கா குடிக்கிற கிணற்றில் டீசல் மிதந்ததற்கு ஜாஸ் இசைதான் காரணம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் ஜாஸ் இசையால் அதுவரைக்கும் ஒன்றுமே நடந்ததில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கேட்கிற ஆட்கள் இருந்தால்தானே ஏதாவது நடக்கும். நடந்த முதலாவது காரியம் இது. அதில் நானும் ஒரு பங்காளி.

நான் கொலின்ஸ், குருநகர். டபிள் பேஸ் வாசிப்பவன். ஆளைவிட உயரமான ஒரு வயலினை நிலத்தில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேடையின் ஓரமாகக் கண்ணை மூடியபடி ஒருவன் நிற்பானே, அவன்தான். கோயில் பாண்ட், கலியாணவீட்டு பாண்ட், செத்தவீட்டு பாண்ட் எல்லாவற்றிலும் இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் எந்த வீட்டுக்காரரும் கூப்பிடாத ஒரு சங்கீதத்தில் வந்து நிலைத்தேன். என்னோடு இரண்டு பேர். கோபிசங்கர் சாக்ஸபோன்; பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். ஷெரோன் டிரம்ஸ், என் அக்காவின் மகள், பல்கலைக்கழகத்தில் சூழலியல் படித்தவள். எங்கள் மூவரில் படித்ததை நம்புகிறவள் அவள் ஒருத்திதான்.

திட்டமும் அவளுடையதே. வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்கள் ஊர் ஊராகப் பிளேனில் பறந்து வாசிப்பதால் பூமி சூடாகிறதாம். அதனால் அங்கே சிலர் ரயிலிலும் சைக்கிளிலும் போய் வாசிக்கத் தொடங்கி, தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பும் வைத்திருக்கிறார்களாம். ஷெரோன் அவர்களோடு வீடியோவில் கதைத்துவிட்டு வந்தாள்.

"மாமா, நாங்களும் குடாநாடு முழுக்க ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் போய் வாசிப்பம். பிளேன் இல்லை, வான் இல்லை, ஜெனறேற்றர் இல்லை."

பிளேனில் ஒருநாளும் ஏறியிராத நான், இனிமேல் பிளேனில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன். எனக்கு லேசாக வருகிற தியாகங்கள் இப்படியானவைதான்.

சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சில்லு வைத்த ஒரு வண்டியைக் கொழுவி, அதில் பேஸைக் கறுப்புப் பெட்டியோடு படுக்க வைத்து இழுத்தேன். ஷெரோன் டிரம்ஸை ஒரு தள்ளுவண்டிச் சைக்கிளில் ஏற்றினாள். சூரியத் தட்டும் பற்றறியும் சின்ன ஸ்பீக்கர்களும் கோபிசங்கரின் பொறுப்பு. அரியாலையில் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எதிரே வந்தவர்கள் சைக்கிளை நிற்பாட்டி இறங்கி, தலையைக் குனிந்து ஓரமாக நின்றார்கள். ஒரு மனுசி பெட்டியின் நீளத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, "ஆரப்பன் இது? எங்கத்தையான்?" என்று கேட்டா. கோபிசங்கர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "குருநகராள் அம்மா. சங்கீதத்தாலை போனது" என்றான்.

ஆனால் எங்களுக்குச் சோதனை ஏற்றமோ எதிர்க்காற்றோ அல்ல. விருந்தோம்பல். மேடைக்கு வரும் கலைஞர் சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குவதை எங்கள் சனத்தால் தாங்க ஏலாது. அது கூப்பிட்டவனுக்கு அவமானம். தொண்டைமானாற்றில் எங்களை அழைத்திருந்தவர், நாங்கள் வழியில் களைத்து விழுந்தால் தூக்குவதற்கென்று ஒரு வானைப் பிடித்து அனுப்பியிருந்தார். அது எங்களுக்குப் பின்னால் முதலாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்தே வந்தது. நாங்கள் மிச்சம்பிடித்த எண்ணெயை அது இரண்டு மடங்காக எரித்தது. ஷெரோன் இறங்கிப்போய்ச் சாரதியோடு சண்டை பிடித்தாள். அவன் பாவம், "நீங்கள் ஓடுங்கோ தங்கச்சி, நான் சும்மா பாத்துக்கொண்டுதானே வாறன்" என்றான். அடுத்த நாள் காலமை ஊரிலுள்ள அத்தனை போனும் எங்கள் பற்றறியில் கொழுவியிருந்தது. சூரியனில் ஓடுகிற கரண்டைத் தங்கள் போனும் ஒருக்கால் ருசி பார்க்கட்டும் என்ற ஆசை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படித்தான் முக்கால்வாசி செத்த பற்றறியோடு தெல்லிப்பழைக்கு அங்காலே ஒரு குறிச்சியில், நமசிவாயம் அண்ணையின் வளவுக்குள் போய் இறங்கினோம்.

நமசிவாயம் அண்ணை தோட்டக்காரர். கோபிசங்கருக்குத் தூரத்து உறவு. அவருடைய சொத்து என்று சொன்னால் கிணறுதான். அந்தப் பக்கத்து நிலம் மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே எதைச் சிந்தினாலும் அது கீழே தண்ணீரைத் தேடிப் போய்விடும். சில வருடங்களுக்கு முன்னர் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, சனம் குடத்தோடு தண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறிக்குப் பின்னால் ஓடித் திரிந்தது. இந்தக் கிணறு அப்போது தப்பிய கிணறு. அதனால் ஒழுங்கை முழுக்கக் குடிக்க அள்ளுவது இங்கேதான்.

ஆனால் முழுக் கிணறும் அண்ணைக்குச் சொந்தமில்லை. பங்குக் கிணறு. பாதி அவருக்கு, பாதி செத்துப்போன தமையனின் மனைவி சின்னாச்சி அக்காவுக்கு. ஒருநாள் தோட்டத்துக்கு இறைக்கிற முறை இவருக்கு, மறுநாள் அவவுக்கு. மழை பொய்த்த ஒரு வருடம், ஆருடைய முறையில் ஆர் இறைத்தது என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் வேலிக்கு வந்து, வேலியிலிருந்து கோட்டுக்குப் போய், கோட்டில் இரண்டு தலைமுறை வக்கீல்களைப் படிப்பித்து ஆளாக்கியது. வழக்கு முடிந்தும் கதை இல்லை. ஒரே கிணற்றில் இரண்டு பக்கமும் நின்று அள்ளுவார்கள். முகம் பார்க்க மாட்டார்கள்.

அண்ணையின் மனைவி பாலேஸ்வரி அக்கா, நான் வந்து வேர்வை துடைக்கவும் விடாமல் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டா.

"தம்பி, நீங்கள் வெளியாள். ஒருக்காப் போய்ச் சின்னாச்சி மச்சாளைக் கச்சேரிக்கு வரச்சொல்லிச் சொல்லுங்கோ. நாங்கள் கேட்டால் வரமாட்டா. நீங்கள் கேட்டால் மறுக்க ஏலாது. இந்த மனுசன் நெஞ்சுக்குள்ளை வைச்சுப் புழுங்குது. செத்தால் ஒரு பிடி அரிசி போட வருவாவோ எண்டு ராவிலை கேக்கிறார்."

போனேன். சின்னாச்சி அக்கா வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தா. வெங்காயம் காய் வைக்கிற பருவம். இனித் தண்ணீர் தவறினால் பயிர் தவறும்.

"கச்சேரியோ? ஆர் பாடுறது?"

"பாட்டில்லை அக்கா. வாத்தியம் மட்டுந்தான்."

"சினிமாப் பாட்டு அடிப்பியளோ?"

"இல்லை அக்கா."

"அப்ப தேவாரம்?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னத்துக்கடா தம்பி வாசிக்கிறியள்?"

"அதுதான் அக்கா எனக்கும் இவ்வளவு நாளா விளங்கேல்லை."

அவ சிரித்துவிட்டா. சிரித்த பிறகு வராமல் இருக்க முடியாது. "முன்னுக்கு ஒரு கதிரை போடச் சொல்லும். அவரைப் போடச் சொல்லாதையும், நீரே போடும்" என்றா.

நான் அந்தச் செய்தியோடு திரும்பியபோது ஷெரோன் பற்றறியைப் பார்த்துக்கொண்டு மண்ணில் இருந்தாள். பின்னேரம் வானம் மூடியிருந்தது. தட்டைத் தெற்கே திருப்பி, மேற்கே திருப்பி, கடைசியில் என் தலைக்கு மேலும் பிடித்துப் பார்த்தாள். பற்றறி சிவப்பிலேயே நின்றது.

"பறவாயில்லை. ஸ்பீக்கரும் லைற்றும் இல்லாமல் வாசிப்பம்" என்றாள்.

இதைக் கேட்டதும் நமசிவாயம் அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். மச்சாள் இத்தனை காலத்துக்குப் பிறகு வளவுக்குள் கால் வைக்கப்போகிறா. வந்து இருட்டுக்குள் இருக்கிறதா?

"இருட்டோ? என்ரை வளவுக்கையோ? பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை. எங்கடை மிசின் கொட்டிலுக்கு மேலை சோலார் இருக்கு, பாத்தனிதானே. அதுக்கு ஒரு பற்றறியும் கீழை கிடக்கு. வயர் இழுத்து விடுறன்."

கிணற்றோடு ஒட்டியபடி, தண்ணீர் இறைக்கிற மிசின் வைக்கும் கொட்டில் இருந்தது. அதன் தகரக் கூரையில் ஒரு சூரியத் தட்டு மின்னிக்கொண்டு இருந்தது உண்மைதான். அது வேலை செய்யாமல் விட்டுக் கனகாலம் என்பதைத் தட்டைப் பார்த்துச் சொல்ல ஏலாது. ஷெரோனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தீங்களே மாமா, இப்பிடி ஆக்களும் இருக்கினம்" என்றாள்.

பொழுது பட, வாழைகளுக்கு ஊடாக ஒரு வயர் வந்தது. பல்ப் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. சனமும் வந்தது. பாலேஸ்வரி அக்கா எல்லோருக்கும் பித்தளைச் செம்பில் மோர் கொடுத்தா. சின்னாச்சி அக்கா வெளுத்த சேலையோடு வந்து, நான் போட்ட கதிரையில், நமசிவாயம் அண்ணையைப் பாராமல் இருந்தா. அவர் வாழைக்குப் பின்னால் நின்று அவவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். புது மாப்பிள்ளைகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

ஷெரோன் மைக்கைப் பிடித்தாள். "இந்த வெளிச்சமும் இந்தச் சத்தமும் அந்தா அந்தக் கூரையிலை விழுந்த வெயில். எங்களிட்டை ஒரு சொட்டு எண்ணெய் இல்லை" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாக நமசிவாயம் அண்ணை தட்டினார்.

வாசித்தோம். மூன்றாவது உருப்படி முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் மரியாதையாக, "தம்பியவை, சுதி சேர்த்து முடிஞ்சுதெண்டால் துடங்கலாமே" என்றார். அது எங்களுக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு ஒரு புதினம் நடந்தது. ஸ்பீக்கருக்குள்ளோ வேறெங்கோ, அடியில் ஒரு ரீங்காரம். ஒரே சுரத்தில், அசையாமல், தம்பூரா மாதிரி. அம்ப்ளிஃபயரின் இரைச்சலாக்கும் என்று நினைத்து, என் பேஸை மெல்ல அதோடு பொருத்தினேன். கோபிசங்கர் அதன்மேல் ஏறி நின்று ஊதினான். ஷெரோன் தூரிகைக் குச்சியால் டிரம்ஸைத் தடவினாள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வாசித்ததில்லை. சின்னாச்சி அக்காவின் கால் பெருவிரல் தாளம் போட்டதை நானே கண்டேன். அவ போகும்போது கேற்றடியில் நின்று, ஆரையும் பாராமல், "நல்லாய்த்தான் இருந்தது" என்றா. ஆருக்குச் சொன்னா என்பதில் சந்தேகமில்லை. நமசிவாயம் அண்ணை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

நாங்களும் அங்கேயே படுத்தோம். இருட்டில் சைக்கிள் ஓடுவது விதிக்குப் புறம்பு.

விடியக் காலமை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வாளியை விட்டு அள்ளினேன். வாளிக்குள் வானவில் இருந்தது.

நான் கவிதைக்காரன் இல்லை. ஆனாலும் ஒரு நொடி, என்ன வடிவு என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி மூக்கு வேலை செய்தது. எட்டிப் பார்த்தேன். கிணற்று நீரின் மேலே, மிசின் கொட்டில் பக்கமாக, ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு படலம் மெதுவாக விரிந்துகொண்டு இருந்தது.

கொட்டிலுக்குள் ஆரோ இருமினார்கள். உள்ளே நமசிவாயம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடகத்தால் சாம்பலை அள்ளி அள்ளி நிலத்தில் கொட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஈரச் சாக்குகளால் சுற்றிக் கட்டிய ஒரு பழைய டீசல் ஜெனறேற்றர். நோயாளிக்குப் போர்த்தியது போல இருந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று கட்டியிருக்கிறார். சாக்கின் பாரத்திலும் அதிர்விலும் எண்ணெய்க் குழாய் கழன்று, ராமுழுக்கத் தாங்கி வடிந்திருக்கிறது. நிலத்துச் சீமெந்தில் ஒரு வெடிப்பு. வெடிப்பு நேரே கிணற்றுப் பக்கம்.

என் ரீங்காரம் அதுதான். ஒரு ஜெனறேற்றரோடு சுதி சேர்ந்து, சூரியனுக்கு நன்றி சொல்லி வாசித்திருக்கிறோம்.

"கொலின்ஸ் தம்பி..." அவர் இன்னொரு கடகம் சாம்பலைக் கொட்டினார். "அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். அது தாங்காது."

"அண்ணை, ஷெரோனை விடுங்கோ. தண்ணி குடிக்கிற சனம்?"

"கொஞ்சம்தானே. மேலாலை மிதக்கிறதை அள்ளி எறிஞ்சால் போயிடும். போயிடுமெல்லே?"

எனக்கு என்ன தெரியும்? நான் நாலு நரம்போடு வாழ்கிறவன். அந்த நேரம் பார்த்துப் பாலேஸ்வரி அக்கா தேத்தண்ணியோடு வந்தா. நான் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தேன், மோந்து பார்த்தேன்.

"என்ன தம்பி, இலையான் விழுந்திட்டுதோ?"

"எப்ப அள்ளின தண்ணி அக்கா?"

"நேற்றுப் பின்னேரம். ஏன்?"

நான் ஒரே மூச்சில் குடித்தேன். அவ எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தா, கொட்டிலைப் பார்த்தா, கிணற்றை எட்டிப் பார்த்தா. பிறகு கிணற்றுக் கட்டிலே குந்திவிட்டா. "இண்டைக்கு இறைக்கிறது ஆரின்ரை முறை?" என்று மட்டும் கேட்டா.

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நேற்று அண்ணையின் முறை. இன்றைக்குச் சின்னாச்சி அக்காவின் முறை. விடிந்தவுடன் வந்து, தன் பக்கத்து மிசினை இழுத்து இறைக்கத் தொடங்கிவிடுவா. தண்ணீர் கலங்கினால் எண்ணெய் முழுக்கக் கலக்கும். நேரே வெங்காயத்துக்குப் போகும். சொன்னாலோ, அவ நேற்றுத்தான் வளவுக்குள் வந்தா, இன்றைக்குக் கிணற்றில் எண்ணெய் என்றால், கூப்பிட்டு வைத்துச் செய்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

"நினைக்கட்டும்" என்றா பாலேஸ்வரி அக்கா. "போய்ச் சொல்லுங்கோ."

நமசிவாயம் அண்ணை அசையவில்லை. கடகத்தைப் பிடித்தபடியே நின்றார். அதற்குள் வேலிப் படலை திறந்துவிட்டது. சின்னாச்சி அக்கா, மிசின் இழுக்கிற கயிறு தோளில், நேற்றைய சிரிப்பில் இன்னும் கொஞ்சம் முகத்தில்.

"என்ன தம்பி, ஜாஸ் காரரும் விடிய எழும்புவினமோ?"

நான் அவவுக்கும் மிசினுக்கும் இடையில் போய் நின்றேன். எதையாவது கதைத்து மினக்கெடுத்துவோம் என்ற எண்ணம். நேற்று எந்த உருப்படி பிடித்தது என்று கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது என்றா. கயிற்றைச் சில்லில் சுற்றத் தொடங்கினா.

"அக்கா, பொறுங்கோ. தண்ணிக்குள்ளை கொஞ்சம் எண்ணெய் விழுந்திட்டுது. எங்கடை எண்ணெய்."

"உங்களிட்டை ஏது எண்ணெய்? ஒரு சொட்டும் இல்லையெண்டு அந்தப் பிள்ளை நேற்று மைக்கிலை சொன்னாளே."

"சைக்கிள் செயினுக்குப் போடுறது."

அவ கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டிலே கைவைத்துக் குனிந்து பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

"இவ்வளவு எண்ணெய் போட்ட செயின் எண்டால், நீங்கள் தொண்டைமானாத்திலை இருந்து பறந்தெல்லோ வந்திருக்கவேணும்."

அவ நிமிர்ந்து கொட்டில் பக்கம் திரும்பினா. உள்ளே சாம்பலுக்கு நடுவில் நின்றவரை நேராகப் பார்த்தா. வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை என்று பாலேஸ்வரி அக்கா பிறகு சொன்னா.

"நமசிவாயம். இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், ஏதாவது ஒரு பொய் இருந்தால் தா என்ற கெஞ்சல் இருந்தது. என்னிடம் இருந்த ஒரேயொரு பொய் அப்போதுதான் செலவாகியிருந்தது.

"குடிக்காதேங்கோ, மச்சாள்" என்றார். "நான்தான். ஜெனறேற்றர். நீங்கள் இருட்டுக்கை இருக்கக் கூடாதெண்டு..."

கடகம் கையிலிருந்து விழுந்து சாம்பல் எல்லோர் காலிலும் பறந்தது.

சின்னாச்சி அக்கா கத்துவா என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவ கிணற்றுக் கட்டிலே குந்தி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தா. துடைக்க ஒன்றும் இல்லை.

"சத்தம் எனக்குக் கேட்டது" என்றா. "நேற்று. வாழைப் பக்கமா மிசின் ஓடுற சத்தம். இத்தினை வருசம் தோட்டம் செய்யிறன், மிசின் சத்தம் தெரியாதே? கேப்பம் எண்டு வாயெடுத்தன். கனகாலத்துக்குப் பிறகு வந்த இடத்திலை, முதல் கதையா உது என்ன சத்தம் எண்டு கேக்கிறதோ எண்டு விட்டிட்டன்."

அவர் மச்சாளுக்கு மரியாதை செய்தார். அவ வந்த வீட்டுக்கு மரியாதை செய்தா. நான் அந்தச் சத்தத்துக்கே மரியாதை செய்து சுதி சேர்த்தேன். ஒருவராவது மரியாதை கெட்டவராக இருந்திருந்தால் கிணறு தப்பியிருக்கும்.

பின்னால் ஷெரோன் நின்றாள். வாயில் பிரஷ், நுரை. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அழவில்லை. நுரையைத் துப்பிவிட்டு, கிணற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் மிசின் போடாதேங்கோ. கலக்கக் கூடாது. ஒழுங்கைக்குள்ளை எல்லா வீட்டுக்கும் சொல்லவேணும். நான் போறன்" என்றாள்.

"நீ நில்" என்றா சின்னாச்சி அக்கா. "உன்னை ஆருக்குத் தெரியும்? நான் போறன்."

படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்குள் போனா. முதல் வீட்டில் அவவின் குரல் கேட்டது. "எங்கடை கிணத்துக்கை எண்ணெய் விழுந்திட்டுது. அள்ளாதேங்கோ." ஆர் விழுத்தியது என்று அவ சொல்லவில்லை. இரண்டாவது வீட்டிலும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டில் ஆரோ உரத்துக் கேட்டார்கள். அவ இன்னும் உரத்து, "விழுந்திட்டுது எண்டுறன், பேந்தென்ன ஆர்?" என்றா. நமசிவாயம் அண்ணை கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டார். அவருக்கு அடி விழுந்திருந்தால்கூட அப்படிக் கூனியிருக்க மாட்டார்.

கோபிசங்கர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். அன்று பின்னேரம் குருநகரில் கடைசி நிகழ்ச்சி.

"அண்ணை, நாங்கள் நிண்டு என்ன செய்யிறது? எண்ணெய் அள்ளுறதுக்குச் சாக்ஸபோனோ வேணும்? நாங்கள் எரிக்கேல்லைத்தானே. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது."

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றாள் ஷெரோன். "சோலாரிலை ஓடுதெண்டு மைக்கிலை சொன்னது நான்."

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்தான். "கணக்கு வாத்தி எண்டபடியால் கேட்டுப்பாத்தன்" என்றான்.

வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினோம். அது எண்ணெயைக் குடித்துக் கறுத்து வரும். எடுத்து ஒரு பழைய தகரப் பரலுக்குள் போடுவோம். புதுக் கட்டு இறக்குவோம். காற்று மாறினால் படலம் மற்றப் பக்கம் போகும். நாங்களும் மற்றப் பக்கம் போவோம். வெடிப்புக்குள் இருந்த மண்ணை அலவாங்கால் கிண்டி எடுத்தோம். கிண்டக் கிண்ட மணத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்தார். குடிக்கவும் வேண்டாம், இறைக்கவும் வேண்டாம், முடிவு வரட்டும் என்றார். எப்போது வரும் என்று சின்னாச்சி அக்கா கேட்டா. அவர் வானத்தைப் பார்த்தார். அரசாங்கக் காரியங்களுக்கும் மழைக்கும் எங்கள் ஊரில் ஒரே திசைதான்.

வெங்காயம் காத்திருக்காது. இரண்டு வளவு தள்ளிய ஒரு கிணற்றுக்காரர் அள்ளிக்கொண்டு போக விட்டார். மிசின் போட விடவில்லை, அவருடைய தண்ணீரும் கொஞ்சம்தான். நாங்கள் வாளியால் சுமந்தோம். பாத்திக்கு ஊற்றினால் செம்மண் ஒரு மிடறில் உறிஞ்சிவிட்டு இன்னும் என்று பார்க்கும். நமசிவாயம் அண்ணை தன் பாத்திக்கு ஒரு வாளி கொண்டுபோகவில்லை. எல்லாம் மச்சாளின் பாத்திக்கே. அவருடையவை கண்முன்னால் வாடின. சின்னாச்சி அக்கா அதைக் கண்டா. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவவுடையதிலும் பாதிக்குமேல் தாள் மஞ்சளித்துவிட்டது.

அந்த நாட்களில் ஒருநாள், ஷெரோன் வெளிநாட்டுக் கூட்டமைப்புக்காரனுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னாள். நாங்கள் எண்ணெய் எரித்தோம், கிணற்றைக் கெடுத்தோம், எங்களை உங்களோடு சேர்க்காதீர்கள் என்றாள். அவன் நல்லவன். கண் கலங்கிவிட்டான். இது எவ்வளவு பெறுமதியான அனுபவம், இதைக் கட்டாயம் அடுத்த மாநாட்டில் சொல்லவேண்டும், கிணற்றோடு அந்த விவசாயியை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, முடிந்தால் காலை வெயிலில், என்று கேட்டான். ஷெரோன் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்துவிட்டு அடுத்த வைக்கோல் கட்டை எடுத்தாள். அவளுடைய கை டிரம்ஸ் அடிக்கிற கை. கயிறு உரஞ்சி உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"மாமா, இது போகுமோ?" என்றாள்.

"பாக்கிறதுக்குத் தெளிவாய்த்தானே இருக்கு."

"பாக்கிறதுக்கு."

நான் ஏதாவது பகிடி சொல்லலாம் என்று தேடினேன். அகப்படவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. மேலே தெளிந்தாலும் தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது, குடிக்க ஏலாது, மாரி மழைக்குப் பிறகு திரும்பவும் எடுத்துப் பார்ப்போம் என்று பரிசோதகர் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கிணற்று வாய்க்குத் தகரம் போட்டு மூடினோம். தகரத்துக்கு மேலே கல்லை வைத்தது நமசிவாயம் அண்ணை. ஒழுங்கையில் மறுநாளே பவுசர் வந்து நின்றது. சனம் குடத்தோடு வரிசையில் நின்றது. வரிசையில் அண்ணைக்கு முன்னால் சின்னாச்சி அக்கா நின்றா. இருவரும் கதைக்கவில்லை. ஆனால் வரிசை நகர்ந்தபோது அவவின் இரண்டாவது குடத்தை அவர் காலால் மெல்லத் தள்ளி முன்னே விட்டார். அவ அதைத் திரும்பிப் பார்த்தா, எடுத்துக்கொண்டா.

நாங்கள் வெளிக்கிட்டோம். சொல்லிவிட்டுப் போக அவவின் படலைக்குப் போனோம். சின்னாச்சி அக்கா முன்கூட்டியே கிண்டிய வெங்காயத்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டு இருந்தா. எல்லாம் சிறு கொட்டை. விதைக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது.

"பாட்டு நல்லாய்த்தான் இருந்தது" என்றா. "பொய் சொல்லேல்லை. ஆனால் இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

கோபிசங்கர் நிலத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். எங்களை வரவேண்டாம் என்று சொன்ன ஊர்கள் பல. காரணத்தோடு சொன்னது இதுதான் முதல்.

ஷெரோன் மட்டும் நகரவில்லை. "மழைக்குப் பிறகு தண்ணி எடுத்துப் பாக்கேக்கை, நான் ஒருக்கா வரலாமோ அன்ரி? தண்ணி பாக்கத்தான்."

சின்னாச்சி அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்து, தோலை உரித்து, உள்ளே பார்த்து, மற்றவற்றோடு போட்டா.

"தண்ணி பாக்கிறதெண்டால் வா" என்றா. "வரேக்கை பஸ்ஸிலை வா பிள்ளை. சைக்கிளிலை வந்து இறங்கினியெண்டால், உந்த மனுசன் திரும்பவும் ஏதும் செய்யும்."